தூண் வாய் திறந்த மாலை

உயிருக்கு உயிராக நீங்கள் நேசிக்கிற ராக் இசைக்குழு ஒன்று, உங்களிடமிருந்து இருபதடி தூரத்தில் நின்று வாசிக்கிறது. டிரம்ஸ் அடிக்கிற அடியில் உங்கள் விலா எலும்பு அதிர்கிறது. சுற்றிலும் அத்தனை பேரும் குதிக்கிறார்கள், தொண்டை கிழியக் கத்துகிறார்கள். இரண்டு மணி நேரம் கை தட்டாமல், தலை ஆட்டாமல், கூடச் சேர்ந்து பாடாமல், வருகிற இருமலையும் விழுங்கிக்கொண்டு அசையாமல் நிற்க உங்களால் முடியுமா?

முடியும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையின் நாயகி பத்தொன்பது ஆண்டுகள் அப்படி நின்றாள். ரசிகர்கள் அவளுக்குத் ‘தூண்’ என்று பெயர் வைத்தார்கள். புதிதாக வருகிறவர்கள் அவளைப் பார்த்துக் குழம்பிப்போவார்கள். மகளைக் கூட்டிப்போக வந்த அம்மா என்று நினைத்து ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மஃப்டியில் வந்த போலீஸ் என்று நினைத்து ஒரு கும்பல் மொத்தமாக இடம் மாறி நின்றது. அந்தக் கூட்டத்திலேயே அந்த இசையை அதிகம் நேசித்தவள், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் நின்ற அவள்தான். இசை நிகழ்ச்சியைப் பார்வையாளர் நடுவிலிருந்து பதிவு செய்வது அவள் வேலை. சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. அவளாக எடுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

சம்பளத்துக்குச் செய்த வேலை வேறு. பல் லேப் ஒன்றில் பல்செட் செய்தாள். மருத்துவர் அனுப்புகிற வாயின் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, ஈறு நிறத்தில் அக்ரிலிக்கை அடைத்து வேகவைத்து, கடைசியில் சாணை பிடிக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை காதுக்குப் பக்கத்தில் அந்தச் சாணையின் இரைச்சல். இவ்வளவு இரைச்சலில் கிடந்துவிட்டு, சனிக்கிழமையானால் அதைவிடப் பெரிய இரைச்சலைத் தேடிப் போகிறாயே என்று கணவன் கேட்பான். “அது என் அனுமதி இல்லாம வர்ற சத்தம். இது நானே தேடிப் போற சத்தம்” என்பாள்.

அவள் பதிவுக் கருவி ஒரு சோப்புப் பெட்டி அளவுதான். மைக்குகள் இரண்டு, மிளகு அளவு. அவற்றைத் தன் மூக்குக்கண்ணாடியின் இரண்டு காதுப் பிடிகளிலும் பொருத்தியிருந்தாள். கடையில் கிடைத்த கிளிப்புகள் வழுக்கின. முடி உரசினால் கரகரவென்று சத்தம் வந்தது. ஒரு நாள் மதிய இடைவேளையில் தன் காதின் பின்பக்கத்துக்கே அச்சு எடுத்து, மிச்சம் கிடந்த ஈறு நிற அக்ரிலிக்கில் இரண்டு தாங்கிகள் வார்த்துவிட்டாள். அப்படியே கச்சிதமாக உட்கார்ந்தன. வீட்டுக்கு அதை மாட்டிக்கொண்டு போனபோது கணவன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “கண்ணாடிக்கு ஈறு முளைச்சிருக்கு. பல்லும் முளைச்சா சொல்லு, நான் தனியாப் படுத்துக்கறேன்” என்றான்.

இந்தத் தொழிலுக்குச் சில சட்டங்கள் உண்டு. தலையைத் திருப்பக் கூடாது. நீங்கள் இடப்பக்கம் திரும்பினால் கிட்டார் வலது காதுக்கு ஓடிவிடும், வீட்டில் கேட்கிறவனுக்குத் தலை சுற்றும். கை தட்டக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. மைக் தாடை எலும்புக்குப் பக்கத்தில் இருப்பதால், மேடையில் இருக்கிற ஆளுயர ஒலிபெருக்கியைவிட உங்கள் முணுமுணுப்புதான் பதிவில் பெரிதாகக் கேட்கும். அசரீரி என்று ஒன்றைப் பற்றிக் கதை கட்டுகிறார்களே, அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இப்படி ஒரு பதிவைக் கேட்டால் போதும்.

நிகழ்ச்சி தொடங்கும் முன் தேதி, நேரம், கூடம், தான் நிற்கும் இடம் ஆகியவற்றை மெல்லச் சொல்லுவாள். அதோடு வாய் பூட்டு. முடிந்ததும் மறுபடி நேரத்தைச் சொல்லி அணைப்பாள். பாட்டுக்கு நடுவே சுருதி சேர்க்கிற சத்தம், மேடைப் பேச்சு, யாரோ கீழே போடுகிற குவளை, எதையும் வெட்டமாட்டாள். மறுநாள் ரசிகர் எல்லோருக்கும் அனுப்பிவிடுவாள். அந்தக் குழுவும் அப்போது தாராளம். பதிவு செய்யலாம், விற்கக் கூடாது என்று வாசலில் எழுதியே வைத்திருந்தார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. பழைய அச்சகம் ஒன்றைத் தட்டிக்கொட்டி மாற்றிய சின்னக் கூடம், நூற்று நாற்பது பேர் இருந்தால் அதிகம். கணவனுக்குக் காய்ச்சல். அவனுடைய டிக்கெட்டில் அவன் தங்கையைக் கூட்டிப்போனாள். நாத்தனாருக்கு அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கிற வேலை, நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். ராக் இசையெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஏழு பாட்டு முடிந்தது. குழுவின் தலைவனான கிட்டார்க்காரன் தண்ணீர் குடிக்க உள்ளே போனான். கூட்டமும் பாதி கழிப்பறைக்கும் வாசலுக்கும் கலைந்தது. எப்போதும் ஓரமாக உட்கார்ந்து கீபோர்டு வாசிக்கிற பெண் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற பாட்டு ஒன்று பாடப் போவதாகச் சொன்னாள்.

தூண் அதிரடிப் பாட்டுக்காகக் காத்திருந்தவள். காலும் வலித்தது. என்ன நடந்தது என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை. அத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தாள்.

“செருப்பைக் கழட்டறதெல்லாம் ஒரு பாட்டா? இது தேறாது. போய் கீபோர்டை வாசிக்கச் சொல்லு.”

நாத்தனார் பஞ்சை எடுத்துவிட்டு, “பாடட்டும் அண்ணி. வாயை மூடிட்டுக் கேளுங்க” என்றாள்.

பாட்டு ஆரம்பித்தது. மெதுவான பாட்டு. நாள் முழுக்க நின்று வேலை செய்த ஒருத்தி கதவைச் சாத்துகிறாள், ஒரு செருப்பைக் கழற்றுகிறாள், மற்றதைக் கழற்றத் தெம்பில்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. முடிந்தபோது நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டைப் பற்றித் தான் சொன்னது அபத்தம் என்று தூணுக்கு மூன்றாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. சொன்னது சொன்னதுதான், கருவி அதை எழுதி வைத்துவிட்டது.

மறுநாள் பதிவைக் கேட்டபோது அவளுக்கு உடம்பு கூசியது. மேடையிலிருந்து ஒரு மெல்லிய குரல், அதன் தலைமேல் ஏறி மிதித்துக்கொண்டு, கூரை அதிர, “இது தேறாது.” இதை எப்படி அனுப்புவது? அந்த ஆறு நிமிடத்தை அப்படியே வெட்டினாள். ‘இந்த இடத்தில் பேட்டரி மாற்றினேன்’ என்று ஒரு குறிப்பு எழுதி, மீதியை அனுப்பினாள். முழுப் பதிவை அழிக்க மனம் வரவில்லை. அது இருந்த மெமரி கார்டைப் பல்செட் வைத்து அனுப்புகிற வெள்ளை டப்பா ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பாட்டு இசைத்தட்டில் வந்தது. ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அதுதான். உணவகத்தில் பரிமாறுகிறவர்கள், செவிலியர்கள், கடையில் நின்றுகொண்டே துணி மடிக்கிறவர்கள் எல்லோரும் பாடினார்கள். அப்போது தூண் இன்னொரு தப்பும் செய்தாள். லேப்பில் யாராவது அந்தப் பாட்டை முணுமுணுத்தால், “முதல் தடவை பாடினப்பவே நான் அங்க இருந்தேன். கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, இது பெரிய பாட்டு” என்று பெருமையடித்துக்கொள்வாள். நாத்தனார் பக்கத்தில் இருந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். நாத்தனாரும் விடமாட்டாள். குழம்பில் உப்பு சரியா என்று தூண் கேட்டால், “தேறும் அண்ணி, தேறும்” என்பாள்.

இசைத்தட்டின் உறையில் என்ன அச்சிட்டிருந்தார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. எழுதி இசையமைத்தது கிட்டார்க்காரன் என்றும், கீபோர்டுக்காரியின் பெயருக்கு முன்னால் ‘குரல்’ என்றும் இருந்தது. பெற்றவளைத் தாதி என்று எழுதுகிற நியாயம் அது. கீபோர்டுக்காரி கேட்டுப் பார்த்தாள், குடும்பம் மாதிரி இருக்கிற குழுவில் உன்னுது என்னுது என்று பிரிக்கலாமா என்றார்கள். பெண்ணின் உழைப்பை எடுத்துக்கொள்ளும்போதுதான் இந்த உலகத்துக்குக் குடும்ப பாசம் பொங்கிக்கொண்டு வரும். அவள் குழுவை விட்டு விலகினாள். போன ஆண்டு ஒரு செருப்புக் கம்பெனி விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டது. கிட்டார்க்காரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். களைத்துப்போன ஒருத்தியின் பாட்டு, புதுச் செருப்பு வாங்கச் சொல்லிக் கூவ ஆரம்பித்தது. அன்றுதான் கீபோர்டுக்காரி இசைப் படைப்பாளர் சங்கத்தில் புகார் கொடுத்தாள்.

பாட்டைத் தான் எழுதியது இசைத்தட்டு வேலையின்போது, ஸ்டுடியோவில் என்று கிட்டார்க்காரன் சொன்னான். இல்லை, அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அச்சகக் கூடத்தில் என் பாட்டு என்று சொல்லித்தான் பாடினேன் என்றாள் கீபோர்டுக்காரி. சாட்சி எங்கே என்று கேட்டது சங்கம். அன்று கூட்டத்தில் பலரும் கைபேசியில் படம் பிடித்திருந்தார்கள், அத்தனையும் அதிரடிப் பாட்டுகள். மெதுவான பாட்டின்போது பிடித்தவன் ஒருவனும் இல்லை. அந்த மாலையின் பதிவு யாரிடமாவது இருந்தால் தயவு செய்து கொடுங்கள் என்று அவள் ரசிகர்களுக்கு எழுதினாள். கீழே வரிசையாக ஒரே பதில்: தூணைக் கேளுங்கள். அதற்கும் கீழே இன்னொரு வரிசை: தூண் அப்போது பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார், பாவம்.

தூண் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் லேப்பில் கீழ்வரிசைப் பல்லை மேல்வரிசையில் நட்டாள். முதலாளி பார்த்துவிட்டு, உனக்கு இப்போது நேரம் சரியில்லை என்றார். “நேரமெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். ஏழு மணி பதினாறு நிமிஷம்னு பதிவுலயே இருக்கு. சரியில்லாதது என் வாய்” என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

டப்பாவைத் திறந்து கேட்டுப் பார்த்தாள். தன் பேச்சை மட்டும் வெட்டி எடுத்துவிடலாமா? முடியாது. “நானே எழுதினது, இந்த வாரம், எங்க வீட்டுச் சமையலறையில” என்று கீபோர்டுக்காரி சொல்கிற அதே நொடிகளில்தான் இவள் ‘இது தேறாது’ என்கிறாள். அடியில் அவள் குரல், மேலே இவள் குரல், இரண்டும் பின்னிக் கிடந்தன. கெட்ட வார்த்தையை வெட்டினால் சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

கணவன் யோசித்து ஒரு வழி சொன்னான். பேசாமல் இருந்துவிடு, பேட்டரிதான் மாற்றினாயே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அண்ணனை முறைத்தாள். பிறகு தூணிடம், கேலி எதுவும் இல்லாமல் சொன்னாள்:

“அண்ணி, இது வெளிய வந்தா உங்களைப் பார்த்து நாலு நாள் சிரிப்பாங்க. வரலைன்னா அந்தப் பொண்ணை ஆயுசுக்கும் பொய்க்காரின்னு சொல்லுவாங்க. எது பெருசுன்னு நீங்களே பாருங்க.”

மறுநாள் தூண் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, டப்பாவோடு சங்கத்துக்குப் போனாள்.

விசாரணை நடந்த அறையில் ஒரு நீள மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், சுழல மறுக்கிற ஒரு மின்விசிறி. விசாரணைக் குழுவுக்குத் தலைவர் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மையார், திரைக்குப் பின்னால் நாற்பது ஆண்டு வயலின் வாசித்தவர். ஒரு பக்கம் கீபோர்டுக்காரி, மடியில் ஒரு பழைய நோட்டு. எதிர்ப்பக்கம் கிட்டார்க்காரனும் இசைத்தட்டுக் கம்பெனியின் வழக்கறிஞரும். மேடையில் அத்தனை உயரமாகத் தெரிந்த கிட்டார்க்காரன் நாற்காலியில் சின்னதாக இருந்தான்.

வழக்கறிஞர் தயாராகத்தான் வந்திருந்தார். ரசிகர்களுக்கு அனுப்பிய பதிவையும் பேட்டரிக் குறிப்பையும் அச்செடுத்து வைத்திருந்தார். “ஆறு வருஷமா இந்தப் பாட்டு உங்க பதிவுல இல்ல. பேட்டரி மாத்தினேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப திடீர்னு எங்கிருந்தும்மா முளைச்சது?”

“பேட்டரி மாத்தல. அது பொய்.”

“ஏன் பொய் சொன்னீங்க?”

“போட்டுக் கேளுங்க சார். ஏன்னு உங்களுக்கே தெரியும்.”

போட்டார்கள். நல்ல ஒலிபெருக்கி வேறு. தேதி, நேரம், கூடம் எல்லாம் அவள் குரலில் வந்தன. ஏழாவது பாட்டு முடிகிற இடம் வரை ஓட்டினார்கள். மெல்லிய குரல் செருப்பு என்றது. உடனே அறை அதிர, “செருப்பைக் கழட்டறதெல்லாம் ஒரு பாட்டா? இது தேறாது.” தூண் மேசையில் இருந்த பாட்டில் மூடியைப் பார்த்துக்கொண்டு, மேடை முன்னால் நிற்பதுபோலவே அசையாமல் இருந்தாள். அவள் காது மட்டும் சிவந்துபோயிருந்தது. “வாயை மூடிட்டுக் கேளுங்க” என்று நாத்தனாரின் குரல் வந்ததும் விசாரணைக் குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தார்.

அம்மையார் மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டார். அடியில் இருந்த குரலை ஒவ்வொரு வார்த்தையாகத் தாளில் எழுதினார். நானே எழுதினது. இந்த வாரம். எங்க வீட்டுச் சமையலறையில.

இதெல்லாம் பின்னால் தயாரித்ததாக இருக்கலாம் என்றார் வழக்கறிஞர். “தன் மானத்தைத் தானே வாங்கிக்கறதுக்கு யாருங்க இப்படி ஒண்ணு தயாரிப்பாங்க?” என்று அம்மையார் கேட்டார். ஆனால் அவர் அதோடு விட்டுவிடுகிறவர் இல்லை. யார் முகம் நல்ல முகம் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. பாட்டை முழுக்க ஓடவிட்டார். இரண்டாம் பத்தியில் இசைத்தட்டில் இல்லாத ஒரு வரி வந்தது, ஈரக் காலுறை கதவில் தொங்குவதாக. இசைத்தட்டில் அந்த இடத்தில் மழை பெய்யும். அம்மையார் பதிவை நிறுத்திவிட்டு, கிட்டார்க்காரனைப் பார்த்து, முதலில் காலுறை என்று எழுதியதை ஏன் மழை என்று மாற்றினீர்கள் என்று கேட்டார். அவன் வழக்கறிஞரைப் பார்த்தான். வழக்கறிஞர் தாளைப் பார்த்தார்.

கீபோர்டுக்காரி நோட்டைத் திறந்து நகர்த்தினாள். காலுறை வரி, அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் மழை, ஓரத்தில் ஏதோ குழம்புக் கறை. பிறகு தூணின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொன்னதுல பாதி சரிதாங்க. அன்னைக்கு அந்த ரெண்டாவது பத்தி தேறல. அதனாலதான் மாத்தினேன்.”

தூண் பாட்டில் மூடியிலிருந்து கண்ணை எடுத்தாள். “மீதிப் பாதிக்கு மன்னிச்சுடுங்க” என்றாள்.

“கீபோர்டை வாசிக்கச் சொன்னீங்களே, அதுக்கா? அது பாராட்டுன்னு எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அம்மையாரும் சிரித்தார். வழக்கறிஞரும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சங்கத்தின் ஒலிப் பொறியாளர் பதிவைத் தனியாக எடுத்துப்போய்ச் சோதித்தார். முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஒரு வெட்டும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் முடிவு வந்தது. எழுதி, இசையமைத்து, பாடியவர் என்று மூன்று இடத்திலும் கீபோர்டுக்காரியின் பெயரை அச்சிட வேண்டும். செருப்புக் கம்பெனி இனி அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டார்கள், அவள் முடியாது என்றாள்.

தூண் அன்று சாயங்காலமே முழுப் பதிவையும் ரசிகர்களுக்கு அனுப்பினாள். பேட்டரிக் குறிப்பை எடுத்துவிட்டு, ‘நான் பொய் சொன்னேன், காரணம் உள்ளே இருக்கிறது’ என்று எழுதினாள். நாத்தனார் சொன்ன கணக்கு தப்பு; நாலு நாள் இல்லை, நாலு மாதம் சிரித்தார்கள். ‘இது தேறாது’ என்பதைக் கைபேசி மணியாக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. நாத்தனாருக்கோ ரசிகர் வட்டமே உண்டாகிவிட்டது. புதுப் பாட்டு எது வந்தாலும் தேறுமா என்று அவளிடம் கேட்டு எழுதுகிறார்கள். அஞ்சலகத்தில் நின்றுகொண்டே பதில் போடுகிறாள்.

இந்த ஒரு பாட்டுக்கு ஒரு தூண் இருந்தாள். அதுவும் எப்படி? தன் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, வெட்டாத பதிவை மேசையில் வைக்கத் துணிந்ததால். தூண் இல்லாத பாட்டுகள் எத்தனை? சமையலறையில் எழுதி, வேறு எவனோ கையெழுத்துப் போட்டவை எத்தனை? சாட்சி கிடைக்கவில்லை என்பதற்காக அநியாயம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நமக்கு வசதியான பக்கத்தை மட்டும் காட்டுவது சாட்சியும் ஆகாது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஒரு மேடையின், ஒரு கூட்டத்தின், ஒரு பேச்சின் பழைய பதிவு இருந்தால் அதை அழிக்காதீர்கள். நீங்கள் உளறிய இடத்தையும் வெட்டாதீர்கள். தேதியும் இடமும் எழுதி வையுங்கள். இன்று நீங்கள் கேட்கப்போகிற பாட்டின் உறையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பாடியவளை வெறும் ‘குரல்’ என்று போட்டிருந்தால், இதை எழுதியது யார் என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.